ஆறு கூலிக்காரர்களைத் தாங்கிய நம்பிக்கை



நாளைக்கு என்ன ஆகுமோ என்ற கவலை நமக்குப் புதியதல்ல. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில் நம் தாத்தாமாருக்கு அந்தக் கவலை இருந்தது. 1969இல் வேலை பெர்மிட் கேட்டபோது சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த குடும்பங்களுக்கு அந்தக் கவலை இருந்தது. இன்றைக்கும் அது தீரவில்லை. பால்மரம் சாய்ந்து செம்பனை வந்தது. சில இடங்களில் செம்பனையும் சாய்ந்து வீடமைப்புத் திட்டம் வருகிறது. லயத்தைக் காலி பண்ணு என்று கடிதம் வந்த வீட்டில் ராத்திரி யாருக்குத் தூக்கம் வரும்?

இப்படிப்பட்ட நேரத்தில் நம் ஜனங்கள் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். "எல்லாம் சாமி பார்த்துக்கும், நம்மால என்னங்க ஆகும்?" என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிறவர்கள் ஒரு பக்கம். "சாமி கும்பிட்டு என்னத்தைக் கண்டோம்? அரிசி விலை குறைஞ்சிச்சா?" என்று சலித்துக் கொள்கிறவர்கள் இன்னொரு பக்கம். இந்த இரண்டு பேருக்கும் ஒரு கதை சொல்லப் போகிறேன். கதை என்றால் கட்டுக்கதை அல்ல, நடந்த சங்கதி. நடந்தது நம்மை ஆண்ட இங்கிலாந்திலேயே. நடந்தவர்கள் நம்மைப் போலக் கூலிக்காரர்கள். அவர்களைத் தாங்கி நிறுத்தியது அவர்களுடைய கிறிஸ்தவ நம்பிக்கை.

முதலிலேயே ஒன்று சொல்லி விடுகிறேன். யாரையும் மதம் மாற்ற இதை எழுதவில்லை. மாரியம்மன் திருவிழாவுக்குப் பந்தல் கட்டுகிற கையும், கிறிஸ்துமஸ் அன்று அண்டை வீட்டுக்குப் பலகாரம் கொடுத்தனுப்புகிற கையும் ஒரே லயத்துக் கைகள்தான். கூலிக்காரன் நம்பிக்கையை எங்கிருந்து எடுத்தான், எப்படிக் காப்பாற்றினான் என்பதைத் தெரிந்து கொள்வதில் யாருக்கும் நஷ்டமில்லை.

9 ஷில்லிங், 8 ஷில்லிங், 7 ஷில்லிங்...

இங்கிலாந்தின் தென்மேற்கில் டார்செட் என்று ஒரு மாவட்டம். அதில் டோல்பட்டில் என்று ஒரு சின்ன கிராமம். வெள்ளைக்காரன் என்றால் துரை, பங்களா, குதிரை என்றுதானே நாம் நினைப்போம்? அந்த ஊரிலிருந்த வெள்ளைக்காரர்களில் பெரும்பாலோர் அன்றாடம் பண்ணையில் உழுது, விதைத்து, வாரக் கூலி வாங்கியவர்கள். குடியிருந்தது சிறு குடிசைகளில்.

1830களின் தொடக்கத்தில் அவர்களுக்குக் கூலித் தகராறு வந்தது. சுற்று வட்டாரத்தில் வாரம் 10 ஷில்லிங் கூலி. டோல்பட்டிலில் 9தான். அந்த 9, சில மாதத்தில் 8 ஆயிற்று. பிறகு 7. அதற்கப்புறம், இனி 6தான் என்று பண்ணைக்காரர்கள் சொல்லி விட்டார்கள். வேலை அதே வேலை, வெயிலும் மழையும் அதே. பிள்ளைகளின் வயிறு மட்டும் எப்படிச் சுருங்கும்?

கோபம் வராமலா இருக்கும்? 1830இல் தென் இங்கிலாந்து முழுவதும் கூலிக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். கதிரடிக்கும் யந்திரங்களை உடைத்தார்கள், வைக்கோல் போரைக் கொளுத்தினார்கள். அரசாங்கம் சும்மா விடவில்லை. 19 பேரைத் தூக்கிலிட்டது. சுமார் 480 பேரைக் கப்பலேற்றி நாடு கடத்தியது. கூலி கேட்டு நெருப்பு வைத்தால் என்ன நடக்கும் என்பது டோல்பட்டில்காரர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அப்படியானால் என்ன வழி? பட்டினி கிடப்பதா, தீ வைப்பதா? வேறொரு வழியைக் காட்டியவர் ஜார்ஜ் லவ்லெஸ் என்ற கூலிக்காரர். லவ்லெஸ் என்ற ஆங்கிலப் பெயருக்கு நேர் அர்த்தம் 'அன்பு இல்லாதவர்'. ஆளோ பெயருக்கு நேர் எதிர். 1797இல் பிறந்த உழவுக்காரர். மனைவி பெட்ஸி, மூன்று பிள்ளைகள். தானாகவே எழுதப் படிக்கக் கற்று, கிடைத்த காசில் வேத புத்தகங்களைச் சேர்த்தார். வாரம் முழுவதும் கலப்பை, ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம். மெதடிஸ்டு சபையின் உபதேசியார் அவர். தம்பி ஜேம்ஸ் லவ்லெஸும் அப்படியே.

மண் சுவர்க் கோயில் கற்றுக் கொடுத்த பாடம்

மெதடிஸ்டு என்ற பேர் நமக்கும் பழக்கமானதுதான். 1885இல் பெங்களூரில் பிறந்த வில்லியம் ஓல்டம் என்பவர் சிங்கப்பூருக்கு வந்து அந்தச் சபையைத் தொடங்கினார். மெதடிஸ்டு பள்ளிக்கூடங்களில் படித்துக் கிராணியானவர்கள், வாத்தியாரானவர்கள் நம் ஆட்களில் எத்தனையோ பேர். அந்தச் சபையின் வேர் இங்கிலாந்தில் ஜான் வெஸ்லி என்ற பாதிரியாரிடம் இருக்கிறது.

வெஸ்லி 1739இல் பிரிஸ்டல் பக்கத்திலிருந்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களைத் தேடிப் போனார். கோயிலுக்குள் வரத் தயங்கிய அந்தக் கரி படிந்த மனிதர்களுக்கு வெட்டவெளியில் நின்று பிரசங்கம் செய்தார். கடவுள் முன்னால் துரைக்கு ஒரு விலை, கூலிக்கு ஒரு விலை என்று கிடையாது என்பதே அதன் சாரம். 'நீ ஒன்றுமில்லை' என்று பிறந்த நாள் முதல் கேட்டு வளர்ந்தவனுக்கு அந்தப் பேச்சு எப்படி இருந்திருக்கும்!

அதற்கு மூன்று வருஷம் கழித்து, 1742இல், பிரிஸ்டலில் கோயில் கட்டிய கடனை அடைக்க வேண்டியிருந்தது. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி போடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். பென்னி என்றால் ஷில்லிங்கில் பன்னிரண்டில் ஒரு பங்கு. சுமார் பன்னிரண்டு பேருக்கு ஒரு குழு, குழுவுக்கு ஒரு தலைவர். அவர் வாரா வாரம் வீடு வீடாகப் போய்ப் பென்னியை வாங்குவார். வாங்கப் போன இடத்தில் காசோடு கஷ்டத்தையும் கேட்டார்கள். யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் சண்டை, யார் குடியில் விழுந்தார் என்பதெல்லாம் தெரிய வந்தது. கடன் வசூலுக்காகத் தொடங்கிய குழு, ஒருவரையொருவர் விசாரித்துத் தாங்குகிற குழுவாக மாறிப் போனது.

இதைக் கவனியுங்கள். உழைக்கிற ஜனம் அங்கேதான் வாசிக்கக் கற்றது. கூட்டத்தில் எழுந்து நின்று நடுங்காமல் பேசக் கற்றது. ஒரு காசு விடாமல் கணக்கு எழுதக் கற்றது. டோல்பட்டிலிலும் 1818இல் அப்படி ஒரு சிறிய மெதடிஸ்டு கோயில் எழும்பியது. மண்ணும் வைக்கோலும் குழைத்துக் கட்டிய சுவர். அந்தக் கட்டடம் இன்றும் இருக்கிறது.

அந்தக் கோயில்களில் வாசித்த பைபிளில் என்ன இருந்தது? எகிப்து தேசத்தில் செங்கல் அறுத்த அடிமைகளின் கதை யாத்திராகமத்தில் இருந்தது. வைக்கோலைக் கொடுக்காமல் அதே கணக்குச் செங்கல் கேட்ட அதிகாரிகளின் கொடுமை அதில் உண்டு. அந்த ஜனங்களின் அழுகை கடவுளின் காதில் விழுந்ததும் உண்டு. யாக்கோபு நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தைப் பிரித்தால், வயலறுத்தவனின் கூலியைப் பிடித்து வைத்துக்கொண்ட பணக்காரர்களுக்கு விழுகிற சவுக்கடி இருக்கிறது. கூலி குறைந்த வாரத்தில் இதைப் படிக்கிறவனுக்கு, 'என் சங்கதியும் இதில் இருக்கிறதே' என்று தோன்றாதா?

சாட்சி சொன்னவரே மறுத்தார்

இங்கே ஒரு கசப்பான விஷயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த ஊரில் இன்னொரு கோயிலும் இருந்தது. அது அரசாங்கத்து ஆங்கிலிக்கன் திருச்சபை. லவ்லெஸ் பிற்பாடு 1837இல் வெளியிட்ட சிறு நூலில் நடந்ததை எழுதியிருக்கிறார். கூலிப் பேச்சு வார்த்தையின்போது ஊர்ப் பாதிரியார் நடுவராக நின்றாராம். அமைதியாக வேலைக்குப் போங்கள், மற்ற ஊர்க் கூலி உங்களுக்கும் கிடைக்கும், நானே சாட்சி என்று கடவுள் பேரைச் சொல்லி வாக்குக் கொடுத்தாராம். கூலி குறைந்ததும் அவரைச் சாட்சிக்குக் கேட்டார்கள். அப்படி ஒன்றும் எனக்குத் தெரியாதே என்று கையை விரித்து விட்டாராம்.

அதோடு முடியவில்லை. பிறகு சிறையிலும் ஒரு பாதிரியார் வந்து, நீங்கள் சோம்பேறிகள், மனத்திருப்தி இல்லாதவர்கள் என்று அவர்களைத் திட்டி விட்டுப் போனாராம். அதையும் லவ்லெஸ் எழுதியிருக்கிறார்.

நம்மில் ஒருவனாக இருந்தால் என்ன சொல்லியிருப்போம்? "சாமியாரே இப்படின்னா சாமி எப்படி இருக்கும்?" என்று கோயில் பக்கமே தலை வைத்துப் படுத்திருக்க மாட்டோம். லவ்லெஸ் அப்படி விடவில்லை. வாக்குத் தவறியவர் மனிதர், கடவுள் அல்ல என்பதில் அவர் தெளிவாக இருந்தார். அங்கி போட்டவர் கைவிட்டதற்காகத் தன் நம்பிக்கையை அவரிடம் ஒப்படைத்து விட்டு வரவில்லை. மண் சுவர்க் கோயிலில் கற்றதைக் கையிலெடுத்தார்.

வாரம் ஒரு பென்னி

1833 அக்டோபர் மாதம் டோல்பட்டில் தொழிலாளர்கள் ஒரு சங்கம் வைத்தார்கள். விவசாயத் தொழிலாளர் நட்புச் சங்கம் என்று பேர். சேரும்போது ஒரு ஷில்லிங், அப்புறம் வாரம் ஒரு பென்னி சந்தா. பாருங்கள், கோயில் குழுவின் அதே பென்னி! கூட்டம் நடந்தது தாமஸ் ஸ்டான்பீல்டு என்ற தொழிலாளியின் வீட்டில். அவர் லவ்லெஸின் சகோதரி புருஷன். ஊர் நடுவில் இருந்த பெரிய சிக்கமோர் மரத்தடியிலும் கூடிப் பேசினார்கள் என்று சொல்வார்கள். அந்த மரம் 300 வருஷத்துக்கு மேல் வயசாகி இன்றும் நிற்கிறது.

சங்கத்தின் விதிகளில் ஒன்று முக்கியமானது. அடிதடி, வன்முறை எதனாலும் நம் காரியம் கைகூடாது, அப்படிச் செய்கிறவரால் சங்கத்துக்குக் கேடுதான் என்று எழுதி வைத்தார்கள். பக்கத்து ஊர்களில் வைக்கோல் போர் எரிந்து மூன்று வருஷம்கூட ஆகாத காலத்தில் இப்படி எழுத ஒரு மனத்திடம் வேண்டும். அந்தத் திடம் பயத்தினால் வந்ததல்ல. பிறத்தியான் சொத்தும் உயிரும் கடவுளுக்கு முன் கணக்கில் உள்ளவை என்று பிரசங்கம் பண்ணியவர், திங்கட்கிழமை அதை மறந்து விடவில்லை.

அப்போது சங்கம் வைப்பது சட்டப்படி குற்றமில்லை. 1824இலேயே அந்தத் தடை நீங்கி விட்டது. ஆனாலும் ஜேம்ஸ் பிராம்டன் என்ற நிலச்சுவான்தாருக்கு இது பொறுக்கவில்லை. அவர்தான் அந்த வட்டாரத்து மாஜிஸ்திரேட். லண்டனில் உள்துறை அமைச்சராக இருந்த மெல்பர்ன் பிரபுவுக்குக் கடிதம் எழுதினார். தேடித் துருவி ஒரு சட்டத்தைக் கண்டுபிடித்தார்கள். கடற்படைக் கலகத்தை அடக்க 1797இல் வந்த, இரகசிய சத்தியம் செய்வதைத் தடுக்கும் சட்டம் அது. சங்கத்தில் சேருகிறவர் கண்ணைக் கட்டி, எலும்புக்கூட்டுப் படத்தின் முன் சத்தியம் செய்யும் வழக்கம் இருந்தது. அது அந்தக் காலத்துச் சங்கங்களின் சடங்கு. அதைப் பிடித்துக் கொண்டார்கள்.

ஏழை சொல் அம்பலம் ஏறியதா?

1834 பிப்ரவரி 24ஆம் தேதி காலையில் வேலைக்குக் கிளம்பிய ஆறு பேரைப் பிடித்தார்கள். ஜார்ஜ் லவ்லெஸ், தம்பி ஜேம்ஸ் லவ்லெஸ், தாமஸ் ஸ்டான்பீல்டு, அவர் மகன் ஜான் ஸ்டான்பீல்டு, ஜேம்ஸ் பிரைன், ஜேம்ஸ் ஹாமெட். டார்செஸ்டர் பட்டணத்துக்கு ஏழு மைல் நடத்தியே கூட்டிப் போனார்கள். சிறையில் தலைமுடியை வெட்டினார்கள்.

இதில் ஹாமெட்டைப் பற்றி ஒரு செய்தி உண்டு. சத்தியம் செய்த இரவில் அவர் அங்கே இல்லவே இல்லை, இருந்தது அவர் தம்பிதான், தம்பி மனைவி பிள்ளைத்தாய்ச்சி என்பதால் அண்ணன் வாய் திறக்காமல் பழியை ஏற்றுக்கொண்டார் என்று சொல்கிறார்கள். பிறத்தியானுக்காகச் சிலுவை சுமப்பது என்று கோயிலில் பேசுவதை அந்த மனிதன் நடந்தே காட்டினான்.

மார்ச் மாதத்தில் விசாரணை நடந்தது. ஜூரியாக உட்கார்ந்தவர்கள் நிலக்காரர்களும் பண்ணைக்காரர்களும். நாங்கள் யாருடைய பேரையும் உடலையும் உடைமையையும் கெடுக்கவில்லை, எங்கள் பெண்டு பிள்ளைகள் பட்டினியில் சீரழியாமல் இருக்கவே ஒன்று சேர்ந்தோம் என்று லவ்லெஸ் எழுதிக் கொடுத்தார். ஏழை சொல் அம்பலம் ஏறவில்லை. ஆறு பேருக்கும் ஏழு வருஷம் நாடு கடத்தல். அதுதான் சட்டம் அனுமதித்த முழுத் தண்டனை.

தீர்ப்புக் கேட்டு வெளியே வந்த லவ்லெஸ், ஒரு காகிதத்தில் பாட்டு எழுதிக் கூட்டத்தை நோக்கி வீசினார். கடவுளே வழிகாட்டி, வாளும் தீயும் வேண்டாம் என்ற கருத்துள்ள பாட்டு. கையில் விலங்கு, எதிரே முடிவு தெரியாத கடல். அப்போதும் அவர் வாயில் வந்தது ஒப்பாரி அல்ல, பாட்டு.

கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

ஐந்து பேரை ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸுக்கு அனுப்பினார்கள். லவ்லெஸ் சுகமில்லாமல் இருந்ததால் தனியாக, பிந்திய கப்பலில், இன்று டாஸ்மேனியா என்று சொல்லும் தீவுக்குப் போனார். அங்கே சங்கிலிக் கைதிகளோடு ரோடு போடும் வேலை. ஹாமெட்டை ஒரு பண்ணைக்குக் கொடுத்தார்கள். அடிமையைப் போல ஒரு பவுனுக்கு என்னை விற்றார்கள் என்று அவர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

கப்பலில் இருந்தபடி லவ்லெஸ் பெட்ஸிக்கு ஒரு கடிதம் எழுதினார். எனக்குக் காசு அனுப்பி நீ கஷ்டப்படாதே என்றார். பிள்ளைகளை ஒழுக்கத்திலும் பக்தியிலும் வளர்க்கச் சொன்னார். காற்றையும் கடலையும் ஆளுகிறவர் தன்னைக் கைவிட மாட்டார் என்றும், மறுபடி ஒன்றாகச் சந்தோஷப்படுவோம் என்றும் தேற்றினார். சயாம் மரண ரயிலுக்கு ஆண்பிள்ளைகளைப் பறிகொடுத்து, கடிதாசியும் இல்லாமல் காத்திருந்த பாட்டிகளின் பேரப்பிள்ளைகள் நாம். அப்படி ஒரு கடிதம் ஒரு வீட்டுக்கு எவ்வளவு பெரிய துணை என்று நமக்குத் தெரியும்.

ஆனால் கடிதத்தை அடுப்பில் வைக்க முடியாதே! பெண்கள் ஊர் நிவாரணம் கேட்டுப் போனார்கள். மாஜிஸ்திரேட்டுகள் மறுத்து விட்டார்கள். சங்கம் வைக்கக் காசு இருந்ததல்லவா என்ற மாதிரியான பதில். அந்தக் குடும்பங்கள் அப்போது பட்டினியால் உடைந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். லண்டனில் தொழிலாளர்களும் அவர்களுக்கு ஆதரவானவர்களும் ஒரு குழு அமைத்துக் காசு திரட்டி அனுப்பினார்கள். முகம் தெரியாதவன் போட்ட காசில் டோல்பட்டிலில் அடுப்பு எரிந்தது. கடவுள் கைவிட மாட்டார் என்று லவ்லெஸ் எழுதினார். அந்த வார்த்தையைக் காப்பாற்ற மனிதக் கைகள் வந்து சேர்ந்தன.

1834 ஏப்ரல் 21ஆம் தேதி லண்டனில் ஒரு மைதானத்தில் பல்லாயிரம் தொழிலாளர்கள் கூடி, ஒழுங்காக அணிவகுத்து நடந்தார்கள். 2 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்ட மனுவைக் கொண்டு போனார்கள். அந்த ஊர்வலத்தின் முன்னால் அங்கியோடு வந்தவர் யார் தெரியுமா? வார்விக் நகரத்து ஆங்கிலிக்கன் பாதிரியார் டாக்டர் ஆர்தர் வேட். ஒரு பாதிரியார் சாட்சி சொல்ல மறுத்தார், அதே திருச்சபையின் இன்னொரு பாதிரியார் கூலிக்காரனுக்காக வீதியில் இறங்கினார். மதத்தை நிறுக்கிறபோது இரண்டு தட்டையும் பார்க்க வேண்டும், தோழர்களே.

மெல்பர்ன் பிரபு மனுவை வாங்க மறுத்தார். அதற்காக ஜனங்கள் விடவில்லை. மேலும் மேலும் மனுக்கள் போயின. நாடாளுமன்றத்தில் தாமஸ் வாக்லி என்ற டாக்டர் இந்த வழக்கை எடுத்துப் பேசினார். 1835இல் நிபந்தனையோடு மன்னிப்பு வந்தது. 1836 மார்ச் மாதம் முழு மன்னிப்பு.

மன்னிப்பு வந்ததும் லவ்லெஸ் ஓடி வந்தாரா? இல்லை. மனைவி பிள்ளைகளை அங்கே வரவழைத்துக் கொள்ளும்படி அதிகாரிகள் சொல்ல, முதலில் தயங்கிப் பிறகு அவர் கடிதம் எழுதியிருந்தார். இவர் இந்தக் கப்பலில் புறப்பட, அவள் அந்தக் கப்பலில் வந்து இறங்கினால் என்ன ஆகும்? கடிதம் கடல் தாண்டப் பல மாதம் ஆகிற காலம். விடுதலைக் காகிதம் இருந்தும், பெட்ஸியின் பதில் கையில் கிடைக்கும்வரை மாதக்கணக்கில் காத்திருந்தார். 1837 ஜூன் மாதம் லண்டன் வந்து சேர்ந்தார். நான்கு பேர் 1838இல் வந்தார்கள். ஹாமெட் வந்தது 1839இல்.

அப்புறம் என்ன ஆயிற்று?

சினிமாவாக இருந்தால் இங்கே மாலை போட்டு முடித்து விடுவார்கள். வாழ்க்கை அப்படி முடிவதில்லை. திரும்பி வந்தவர்களுக்கு எசெக்ஸ் மாவட்டத்தில் பண்ணை நிலம் குத்தகைக்குப் பிடித்துக் கொடுத்தார்கள். அங்கேயும் பெரிய மனிதர்கள் நிம்மதியாக விடவில்லை. 1840களில் ஐந்து குடும்பங்கள் கனடாவுக்குக் குடியேறின. லவ்லெஸ் அங்கே நிலம் உழுது, மெதடிஸ்டு கோயில் எழுப்ப உழைத்து, 1874இல் காலமானார்.

ஹாமெட் மட்டும் டோல்பட்டிலிலேயே தங்கினார். கட்டட வேலை செய்து பிழைத்தார். வயசான காலத்தில் பார்வை போயிற்று. பிள்ளைகளுக்குப் பாரமாக இருக்க வேண்டாம் என்று ஏழைகள் விடுதிக்குப் போய், 1891இல் அங்கேயே இறந்தார். நம்பினவன் எல்லாம் நன்றாக வாழ்ந்தான் என்று நான் உங்களுக்கு எழுதினால் அது பொய். இந்த நம்பிக்கை, கஷ்டம் வராது என்று ஹாமெட்டுக்கு உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுக்கவில்லை. கஷ்டத்தில் அவரைக் கோணல் ஆளாக்காமல் காப்பாற்றியது.

ஆனால் போட்ட விதை வீண் போகவில்லை. 1872இல் ஜோசப் ஆர்ச் என்ற கூலிக்காரர் வார்விக்ஷையரில் ஒரு மரத்தடியில் பேசி, விவசாயத் தொழிலாளர்களுக்குத் தேசிய சங்கம் கண்டார். அவரும் மெதடிஸ்டு உபதேசியார்தான்! 1875இல் அந்தச் சங்கம் கிழவர் ஹாமெட்டைக் கூப்பிட்டு, சட்டைப்பையில் சங்கிலி மாட்டி வைக்கும் கடிகாரம் பரிசளித்தது. 1885இல் ஆர்ச் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1934இல் நூற்றாண்டு நினைவாக ஆறு பேரின் பெயரால் டோல்பட்டிலில் ஆறு வீடுகள் எழும்பின. இன்றும் வருஷா வருஷம் ஜூலை மாதம் அங்கே தொழிலாளர் திருவிழா நடக்கிறது.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

1834 என்ற வருஷத்தை மனத்தில் வையுங்கள். அந்த வருஷம் ஆகஸ்ட் 1ஆம் தேதி பிரிட்டிஷ் காலனிகளில் அடிமைத்தனம் ஒழிந்தது. அடிமைகளுக்குப் பதிலாக ஆள் வேண்டுமே! நவம்பரில் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு அட்லஸ் என்ற கப்பல் மொரீஷியஸில் போய் நின்றது. அந்த வழியில்தான் பிற்பாடு பினாங்குக்கு எதிர்க்கரையிலிருந்த கரும்புத் தோட்டங்களுக்கு நம் ஆட்களும் சஞ்சிக்கூலியாக வந்தார்கள். 1910இல்தான் மலாயாவுக்கு அந்த முறையில் ஆள் எடுப்பது நின்றது. இங்கிலாந்துக் கூலியைக் கப்பலேற்றிய அதே வருஷம் இந்தியக் கூலியும் கப்பல் ஏறினான். நிறம் வேறு, கடல் ஒன்றுதான்.

அவர்கள் கையிலிருந்த சாமானைப் பாருங்கள். ஒரு பைபிள், ஒரு கணக்குப் புத்தகம், ஒரு பென்னி. இந்த மூன்றும் சேர்ந்து இருந்ததால்தான் அது நம்பிக்கையாக நின்றது. பைபிள் மட்டும் இருந்து பென்னி இல்லாமல் போயிருந்தால், பெட்ஸியின் அடுப்பு அணைந்திருக்கும். பென்னி மட்டும் இருந்து பைபிள் இல்லாமல் போயிருந்தால், முதல் கோபத்திலேயே யாராவது வைக்கோல் போரில் தீயை வைத்து, ஆறு பேரும் கயிற்றில் தொங்கியிருப்பார்கள்.

நம்மிடம் விற்கப்படுகிற நம்பிக்கைகள் வேறு சிலவும் உண்டு. வாரம் மூன்று நாள் நாலு நம்பர் எழுதினால் விடியும் என்பது ஒன்று. பாட்டிலைத் திறந்தால் கவலை மறக்கும் என்பது இன்னொன்று. இரண்டுக்கும் போகிற காசைக் கூட்டிப் பாருங்கள். காசை வாங்கிக்கொண்டு, காய்ச்சல் கண்ட நாளில் எட்டிப் பார்க்காத நம்பிக்கை அது. பென்னி வாங்க வந்தவரோ, 'உடம்பு எப்படி இருக்கு?' என்று கேட்டு விட்டுத்தான் போனார்.

இன்றும் தோட்டத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் வீட்டு ஜெபக் கூட்டம் நடக்கும் இடங்கள் உண்டு. ஒரு வீட்டில் பாய் விரித்து, பத்துப் பேர் உட்கார்ந்து, படிக்கத் தெரிந்த பிள்ளை வேதத்தை வாசிக்க மற்றவர்கள் கேட்பார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜெபம் முடிந்ததும் காப்பி குடித்து விட்டுக் கலைந்து விடாதீர்கள். யார் வீட்டுக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது, யார் பிள்ளை பள்ளிக்கூடம் நின்றிருக்கிறது, எந்தக் கிழவிக்கு மருந்து வாங்க ஆளில்லை என்று அங்கேயே கேளுங்கள். அண்டை வீட்டு மாரியாயியையும் பாத்திமாவையும் சேர்த்தே கேளுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் பேர் எழுதி, முடிந்த காசைப் போடுங்கள். கோயில் கமிட்டி வைத்திருக்கும் மற்றத் தோழர்களும் இதைச் செய்யலாம். யார் தடுப்பார்கள்?

"சாமி பார்த்துக்கும்" என்று சொல்லும் அண்ணனே, சாமி பார்க்கிற கண்ணில் ஒன்று உன் கண்ணாக இருக்கட்டும். "சாமி கும்பிட்டு என்னத்தைக் கண்டோம்?" என்று கேட்கும் தம்பி, கும்பிட்டு எழுந்த ஆறு பேர் என்ன செய்தார்கள் என்பதை இன்றைக்குத் தெரிந்து கொண்டாய். வருகிற சம்பள நாளில் அந்த நோட்டுப் புத்தகத்தை வாங்கி, முதல் பக்கத்தில் முதல் பேரை எழுதுங்கள்.